குளிர் அறைக்குள் ஒரு பழத்தட்டு

காம்பைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் வெட்ட வேண்டும். காற்றில் வைத்து வெட்டினால் காம்பு முதலில் ஒரு மிடறு காற்றைக் குடித்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீரில் நிறுத்தினாலும் அந்தக் காற்று உள்ளே நின்றுகொண்டு வழிவிடாது. சாய்வாக, அரை விரல் நீளம், ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டுக்குப் போனால் காம்பு நசுங்கும். நான் நசுக்குவதில்லை. ஏற்காட்டு மலையில் அலங்கார இலை கட்டுகிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி, இது அமராவதி வெட்டிய காம்பு என்று பெங்களூர்க்காரர்கள் கட்டைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுகிறார்களாம். சபாபதி சாரே சொன்னார். எங்கள் முதலாளி சும்மா புகழ்கிற ஆள் இல்லை, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னார், அது மழையைப் பற்றி. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது, இருக்கட்டும். இந்த ஆஸ்பராகஸ் பார்க்கத்தான் பச்சைப் பஞ்சு, கிட்டத்தில் போனால் அத்தனையும் ஊசி, மயிரிழை ஊசி, ஒரு கிளையில் ஆயிரம் இருக்கும். அந்த ஆயிரத்தையும் பதினான்கு நாள் உதிராமல் நிற்க வைப்பதுதான் என் வேலை. வேரில்லை, மண்ணில்லை, வெயிலில்லை, ஆனாலும் நிற்க வேண்டும். விடியற்காலையில் பனி காய்வதற்குள் அறுத்து, தண்ணீரில் மூழ்கும் உயரத்துக்குக் கீழ் இலைகளை உருவிவிட்டு, நான்கு மணி நேரம் நிழலில் குடிக்க வைத்து, பிறகு குளிர் அறை. எல்லாம் என் கைக்குள் இருக்கிறது. நேற்று அடுக்கிய முந்நூறு கட்டு உள்ளே நிற்கிறது, இது கடைசிப் பத்துக் கட்டு, நாளை மதியம் வண்டி. நாளை விஜயதசமி. இன்று ஆயுத பூசை. என்கூட வேலை செய்கிற செங்கமலம் காலையிலிருந்து கொட்டகையைக் கூட்டிக் கோலம் போட்டு, குளிர் அறைக் கதவுக்குச் சந்தனம் வைத்து, மோட்டாருக்கு மாலை போட்டு, இப்போது தட்டில் பழம் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட்டாள்.

"அக்கா, தட்டைப் போன வருசம் வச்ச எடத்துலயே வச்சரட்டுங்களா?"

கை பாட்டுக்கு வெட்டுகிறது. இரு, சொல்கிறேன், என்று சொல்லிவிட்டேன், என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. போன வருடம் வைத்த இடம் குளிர் அறைக்கு உள்ளே, நடு மேடையில். வைத்தது நான். செங்கமலம் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு வைக்கலாம் என்றுதான் சொன்னாள், நான்தான் பெரிய மனுஷியாக, சோறு போடுகிற மிஷினுக்கு வாசலில் வைத்தா படைப்பது, உள்ளே வை என்றேன். பழமும் நானே பொறுக்கினேன், சந்தையில் இருப்பதிலேயே நன்றாகக் கனிந்தவை, வாழைப்பழம் ஒரு சீப்பு, கொய்யா, ஆப்பிள், நாலு எடுத்து வைத்ததும் அறை முழுக்க வாசனை. சாம்பிராணியும் உள்ளேதான் போட்டேன், புகை மூலை முடுக்கெல்லாம் போகட்டும் என்று கதவைச் சாத்தியே பிடித்தேன். சார் கையால் சுவிட்சை அணைத்தார். ஆயுதத்துக்கெல்லாம் இன்றைக்கு ஓய்வு இல்லையா, கத்தரிக்கு ஓய்வு, தராசுக்கு ஓய்வு, மிஷினுக்கு மட்டும் இல்லையென்றால் அது என்ன நியாயம், நன்றாகத்தான் இருந்தது கேட்க. படைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது, தொடவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அந்த மூடிய அறைக்குள், குளிர் குறையக் குறைய, முந்நூறு கட்டு இலையும் ஒரு தட்டுப் பழமும் ஒரு மூச்சு சாம்பிராணியும். காலையில் கதவைத் திறந்தால் இலை பச்சையாகத்தான் இருந்தது. அதுதான் ஏமாற்றியது. இலை உடனே காட்டிக்கொடுப்பதில்லை. நாலாம் நாள் பெங்களூரிலிருந்து போன் வந்தது, மணமேடையில் ஊசி மழை மாதிரி கொட்டுகிறதாம், பெண்ணின் மடியில், புரோகிதரின் நெய்க் கிண்ணத்தில், போட்டோக்காரன் கேமராவை மூடிக்கொண்டு நிற்கிறானாம். எல்லாம் மஞ்சள். சார் கொட்டகைக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தண்ணி யார் கலக்கினது.

தண்ணீர் கலக்குவது வேலண்ணன். குழந்தைவேலு என்று முழுப் பெயர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், இந்தக் கொட்டகைக்கு எனக்கும் முன்னால் வந்தவர். தொட்டித் தண்ணீருக்கு எத்தனை சொட்டு குளோரின், எவ்வளவு லெமன் சால்ட், எத்தனை கரண்டி சர்க்கரை, அவரிடம் ஒரு அளவு ஜக் இருந்தது, கோடு போட்டது, கண்ணுக்கு நேராகத் தூக்கி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், நாங்கள் சிரிப்போம், அண்ணன் துப்பாக்கி பிடிக்கிறார் என்று. அன்றைக்கு சார் கேட்டதும் அவர், "நாந்தானுங்க" என்றார். கை தவறிப்போச்சா என்றார் சார். வேறு யாராக இருந்தாலும் சத்தியம் பண்ணியிருப்பார்கள். அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "தவறியிருந்தாலும் இருக்குமுங்க" என்றார். அந்த யோசனைதான் அவருக்கு வினையாகப் போனது. ஜக் என் கைக்கு வந்தது. அவர் வாளி கழுவப் போனார். நான் பக்கத்தில் நின்று, ஐயோ பாவம் என்கிற முகத்தோடு வாங்கிக்கொண்டேன், வாங்கும்போது ஜக்கின் அடியில் அவர் பூசைக்கு வைத்த குங்குமப் பொட்டு இன்னும் இருந்தது. அப்போது எனக்குத் தெரியாது. சாமி சாட்சியாக அப்போது தெரியாது. அதுவரைக்கும் என் கணக்கு சுத்தம்.

கார்த்திகையில் தெரிந்தது. மீந்துபோன ஆறு கிளையை வீட்டுக்குக் கொண்டுபோனேன், எனக்கு அது ஒரு பழக்கம், வீட்டில் வைத்து எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்பேன். மூன்றை ஊறுகாய் பாட்டிலில் போட்டு அடுப்படி அலமாரியில், மூன்றைக் குளியலறை ஜன்னலில். ஒரே செடி, ஒரே வெட்டு, ஒரே தண்ணீர். ஐந்தாம் நாள் அடுப்படி இலை உதிர ஆரம்பித்தது, குளியலறை இலை ராணி மாதிரி நின்றது. அடுப்புச் சூடோ என்று அலமாரியிலேயே தள்ளி வைத்துப் பார்த்தேன், அது இல்லை. அலமாரிக்கு மேலே ஆணியில் வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது, கார்த்திகை தீபத்துக்கு என்று என் வீட்டுக்காரர் தண்டபாணி வாங்கிப் போட்டது, நன்றாகப் பழுத்துவிட்டது. தாரை எடுத்துக் குளியலறையில் மாட்டினேன். என் வீட்டுக்காரர் பல் விளக்கப் போனவர் தாரில் முட்டிக்கொண்டு, "எலைக்கும் பழத்துக்கும் என்னடி பஞ்சாயத்து?" என்றார். ஐந்தாம் நாள் குளியலறை இலை கொட்டியது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன், கொய்யாவோடும் வைத்தேன், மூன்று தடவையும் அதேதான். தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாவிடம் ஏதோ பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன், பழுத்த பழம் ஒரு மூச்சு விடுமாம், எத்திலீன் என்று பெயராம், அது பட்டால் இலைக்கு வயதாகிவிடுமாம், புகையிலும் அது உண்டாம். புகையிலும். வாழைக்காய்க்குப் புகை போட்டுப் பழுக்க வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், புகை காயை மட்டும் பழுக்க வைத்துவிட்டு இலையை விட்டுவிடும் என்று எப்படி நினைத்தேன். அன்றைக்கு ராத்திரியே போய்ச் சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம், தை பிறக்கட்டும் என்று வைத்திருந்து தையில் சொல்லியிருக்கலாம். பத்து மாதம் ஆகிவிட்டது. ஜக் என் கையில் நன்றாகப் பொருந்திவிட்டது, அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. அமராவதியைக் கேளு என்று சார் சொல்கிறார், அமராவதி எவ்வளவு என்கிறாளோ அவ்வளவு என்கிறார், அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது.

இன்னும் நாலு கட்டு. வெட்டு. சாய்வாக. வெளியே குழாயடியில் சரட், சரட் என்று சத்தம், வேலண்ணன் வாளி தேய்க்கிறார், பூசை நாளிலும் தேய்க்கிறார், பூசைக்குப் பத்தரை வரை நேரமிருக்கிறது இல்லையா. அவர் வாளி தேய்ப்பதை ஒருநாள் நின்று பார்த்தேன். நாங்களெல்லாம் உள்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்த்துவிடுவோம். அவர் விரலை விட்டு அடி மடிப்பைத் தடவிப் பார்க்கிறார், வழவழப்பு போகும் வரை தேய்க்கிறார், குளோரின் தண்ணீரில் அலசுகிறார், வெயிலில் சாய்த்து வைக்கிறார். அந்த வழவழப்புதான் காம்பு அழுகுவதற்கு மூலம், கண்ணுக்குத் தெரியாத கிருமி அதில்தான் குடியிருக்கிறது, காம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. போன வருடம் எங்கள் இலை பதினொரு நாள் நின்றது. இந்த வருடம் பதினான்கு. அளவு ஜக் என்னிடம் வந்த பிறகு மூன்று நாள் கூடியிருக்கிறது என்று சார் போனில் யாரிடமோ பெருமையாகச் சொன்னார், நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன், நல்ல அடக்கம். தண்ணீரில் நான் ஒரு சொட்டு கூட மாற்றவில்லை. வேலண்ணன் போட்ட அதே அளவு, அதே கரண்டி. மாறியது வாளி. அந்த மூன்று நாள் அவருடைய மூன்று நாள். வாளி கழுவுவது கீழ்வேலை என்று நினைத்து அவரை அங்கே தள்ளினோம், அவர் அங்கே போயும் இலையைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், நான் இங்கே இருந்துகொண்டு பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். சரி, இப்போது தட்டு. தட்டு உள்ளே போகக்கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சுவிட்சை அணைக்கவும் விடமாட்டேன். வழியா இல்லை? எலி வருகிறது என்று சொல்லலாம். கிழக்குப் பார்த்துத்தான் படைக்கணும், உள்ளே மேடை வடக்குப் பார்க்கிறது என்று சொல்லலாம், செங்கமலம் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இந்தத் தடவை கட்டு அதிகம், மேடையில் இடமில்லை என்று சொல்லலாம், அது கிட்டத்தட்ட உண்மை. மூன்றில் எதைச் சொன்னாலும் நம்புவார்கள், அமராவதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். இலை பிழைத்துவிடும். பூசையும் நடந்துவிடும். வேலண்ணன் அடுத்த ஆயுத பூசைக்கும் தன் ஆயுதம் என்று தேய்க்கும் பிரஷ்ஷைத்தான் கொண்டுவந்து வைப்பார். அங்கேதான் வந்து வந்து சிக்குகிறது, முடிச்சு விழுந்த சணல் மாதிரி, எந்தப் பக்கம் இழுத்தாலும் அதே முடிச்சு. எலி, கிழக்கு, இடமில்லை, பிரஷ். எலி, கிழக்கு, இடமில்லை, பிரஷ். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், சாமிக்கு வைத்த பழத்தால் கெட்டுப்போச்சு என்கிறாயா என்று செங்கமலம் முறைப்பாள், அது போகட்டும், அவளைச் சமாளிக்கலாம். பத்து மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சார் கேட்பார்.

கடைசிக் கட்டு. அடியை ஒரே மட்டமாகத் தட்டி, ரப்பர் போட்டு, வாளியில் இறக்கிவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டேன். சார் வந்துவிட்டார், வேட்டி கட்டியிருக்கிறார், வருடத்துக்கு ஒரு தடவை கட்டுகிறவர் என்பது நடையிலேயே தெரிகிறது. குளிர் அறைக் கதவுக்கு முன்னால் வாழை இலை விரித்து ஆயுதங்களை வரிசையாக வைக்கிறோம், அவரவர் ஆயுதத்தை அவரவர் வைக்க வேண்டும், நாளைக் காலையில் அவரவரே எடுக்க வேண்டும், எடுத்தவருக்கு அந்த வருடம் அந்த வேலை, எங்கள் கொட்டகையில் அதுதான் வழக்கம். செங்கமலம் கோணி ஊசியும் தராசும் வைத்தாள். சார் கணக்கு நோட்டை வைத்தார். வேலண்ணன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து, சந்தனம் தொட்ட பிரஷ்ஷை ஓரமாக, இலையின் நரம்புக்கு அந்தப் பக்கம் வைத்தார். நான் கத்தரியை வைத்தேன். ஜக் இடுப்பில் இடுக்கியபடி இருந்தது. செங்கமலம் தட்டைத் தூக்கிக்கொண்டு குளிர் அறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள், கொய்யா வாசனை என் மூக்குக்கு வந்தது, நன்றாகக் கனிந்த கொய்யா. எலி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"உள்ள வைக்காத."

"ஏனுங்கக்கா?"

"போன வருசம் எலை கொட்டுனது அதனாலதான். பழமும் பொகையும் சேர்ந்து எலையைப் பழுக்க வச்சிருச்சு. வச்சது நானு. தண்ணியில ஒரு குத்தமும் இல்லீங்க சார்."

மோட்டார் மட்டும் மாலையோடு உறுமிக்கொண்டிருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது அது, பத்து மாதமாக உள்ளே வைத்திருந்தது, வெளியே வந்தால் நாலு வரி.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் சார்.

"கார்த்திகையிலயே தெரியுமுங்க. வீட்டுல மூணு தடவ வச்சுப் பார்த்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?" அந்தக் கேள்விதான்.

"ஜக்கு எங்கிட்ட வந்துருச்சுங்க. குடுக்க மனசு வரல."

சார் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் வேலண்ணன் பக்கம் திரும்பினார், வேட்டியை இறுக்கிக் கட்டினார். செங்கமலம் தட்டைக் கதவிலிருந்து ரெண்டடி தள்ளி முக்காலியில் வைத்தாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே, சாம்பிராணிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். கெட்டிக்காரி. சுவிட்சுக்கு ஓய்வு வேண்டாம் சார், ஓடட்டும், அதுதான் அதுக்குப் பூசை என்றேன், சார் தலையாட்டினார். இடுப்பிலிருந்து ஜக்கை எடுத்து வாழை இலையின் நடுவில், கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது வேலண்ணனோடது. நாளைக்கு அவருதான் எடுக்கணும்."

வேலண்ணன் குனிந்தார். தொட்டுக் கும்பிடப் போகிறார் என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, பார்க்க முடியாமல் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஜக்கை இலையிலிருந்து எடுத்தார். கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சுண்டு விரலை உள்ளே விட்டு அடி மடிப்பைத் தடவினார்.

"உள்ள வழவழங்குது அமராவதி" என்றார். "ஒரு வருசமா இத நீ தேய்க்கவே இல்லியா?"

இல்லை என்றேன். பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு அவர் குழாயடிக்குப் போனார். பத்தரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. சரட், சரட் என்று சத்தம் கேட்டது. சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தேய்த்து முடிக்கும் வரை எல்லோரும் நின்றோம்.